கடைக்காரரின் கைத்திறன் எங்கே போகிறது?

ஜவுளிக்கடைப் புடவையில் தொங்கும் விலை அட்டையில் முன்பெல்லாம் விலைக்குக் கீழே இரண்டு மூன்று எழுத்துகள் தனியாக எழுதியிருக்கும். வாங்க வந்தவருக்கு அது வெறும் கிறுக்கல். விற்பவருக்கு அதுதான் வழிகாட்டி. எழுத்து எதுவும் திரும்ப வராத, பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை முதலாளி தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். முதல் எழுத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று போய், பத்தாவது எழுத்துக்குப் பூஜ்யம். சரக்கின் அடக்க விலை அந்தக் குறியீட்டில் அட்டையிலேயே இருக்கும். பேரத்தில் எதுவரை பிடிவாதம் பிடிக்கலாம், எந்த இடத்தில் “சரி, எடுத்துக்கோங்க அக்கா” என்று இறங்கி வரலாம் என்பதை விற்பனையாளர் அதைப் பார்த்துத் தானே முடிவு செய்வார். ஒவ்வொரு முறையும் முதலாளியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

இன்றைய அட்டையில் இருப்பது பார்கோடு. ஸ்கேனர் அதைப் படிக்கும். கவுண்டரில் நிற்கும் ஆளால் படிக்க முடியாது. அடக்க விலை, லாபம், அந்தப் புடவை எத்தனை மாதமாக அலமாரியில் கிடக்கிறது என்ற தகவல் எல்லாம் சர்வரில் இருக்கின்றன. தள்ளுபடி எவ்வளவு என்பதைத் தலைமை அலுவலகம் தீர்மானிக்கிறது. வாங்குபவருக்கு இதில் நன்மை உண்டு. ஆளுக்கொரு விலை சொல்லி ஏமாற்றுவார்களோ என்ற பயம் போயிற்று. ஆனால் விற்பவரிடம் இருந்த ஓர் அறிவும், அதை நம்பி அவருக்குக் கொடுத்திருந்த சிறு அதிகாரமும் கூடவே போயிற்று.

மளிகைக் கடை முதல் மால் வரை சில்லறை வணிகம் முழுவதும் இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கருவியை மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான் புரியும். மீதிப் பாதி வேலை நேரத்தில் இருக்கிறது. சீசனுக்கு மட்டும் ஆள், வார இறுதிக்கு மட்டும் ஆள், செயலியில் ‘ஆன்லைன்’ வந்தால் மட்டும் ஆள் என்று பணி துண்டு துண்டாகிவிட்டது. யாருக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை நாளில், எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

பொட்டலத்தில் தொடங்கிய படிப்பு

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து சென்னைக்கு வந்து அண்ணாச்சி கடையில் சேரும் பையனுக்கு முதல் பாடம் பொட்டலம் மடிப்பது. பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, நூறு கிராம் கடுகைக் கொட்டி, வாயை உள்ளே மடித்துச் சொருகினால் ஒரு கடுகுகூடச் சிந்தக் கூடாது. தலைக்கு மேல் கொக்கியில் நூல்கண்டு தொங்கும். நூலை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டு, விரலில் சுற்றி ஒரே வெட்டாக இழுத்து அறுக்க வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் தராசு.

தராசுக்குப் பிறகு சிட்டை. பதினைந்து இருபது சாமான்களை வரிசையாக எழுதி, கால் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் விலையை மனதிலேயே போட்டு, கீழே கோடிழுத்துக் கூட்டுவது. பிறகு, சரக்கெடுக்கப் போகும் முதலாளியோடு மொத்தக் கடைகளுக்குப் போவது. துவரம்பருப்பைக் கையில் அள்ளி, புதுசா பழசா, வேகுமா வேகாதா என்று பார்க்கப் பழகுவது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாரிடம் நாசூக்காகக் கேட்க வேண்டும், எந்த வீட்டில் ஐந்தாம் தேதி சம்பளம் வரும் என்பதெல்லாம் மனப்பாடமாவது. கடைசியாகக் கல்லா. இந்த வரிசையில் ஏறி வந்தவர்கள், முதலாளியின் கைகொடுப்போடு தனிக்கடை போட்ட கதை சென்னையின் எல்லாப் பேட்டைகளிலும் உண்டு.

ஜவுளியில் படிப்பு வேறு. பட்டுப் பிரிவில் நிற்பவருக்குக் கோர்வை தெரிய வேண்டும்; உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோத்த இடத்தைப் புடவையைத் திருப்பிப் பார்த்தே சொல்ல வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசியது. அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியும் என்று வாடிக்கையாளருக்குப் புரிய வைக்க வேண்டும். இதையெல்லாம்விடக் கடினமான பாடம் ஆட்களைப் படிப்பது. கல்யாண ஜவுளி எடுக்கப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால், அதிகம் பேசுபவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர், முடிவு செய்பவர் வேறொருவர். அந்த மூன்றாவது ஆளை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து, அவர் மடியில் புடவையை விரிப்பவர்தான் நல்ல விற்பனையாளர். விரித்த நூறு புடவையையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பது அதற்குப் பிறகான உழைப்பு.

பழைய கடையைப் பொற்காலமாக்கிப் பேசுவது தவறு. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை நின்றுகொண்டே வேலை. இரவில் கடை மாடியிலோ நெரிசலான விடுதியிலோ படுக்கை. சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் 2010-ல் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியபோதுதான் பலர் கவுண்டருக்குப் பின்னால் பார்த்தார்கள். ஊழியர்கள் உட்கார ஓர் இருக்கை வேண்டும் என்பதற்கே சட்டம் தேவைப்பட்டது. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்களைத் திரட்டிப் பி. விஜியின் ‘பெண்கூட்டு’ அமைப்பு நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் அங்கே உட்காரும் உரிமை கிடைத்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

அந்தக் கடைகளில் உழைப்புச் சுரண்டல் இருந்தது. ஆனால் கற்க ஒரு படிக்கட்டும் இருந்தது. இன்றைய மாற்றத்தில் சுரண்டல் எவ்வளவு குறைந்தது, படிக்கட்டு எவ்வளவு இடிந்தது என்று இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனர் வந்த வழி

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற சிற்றூர். அங்கிருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சூயிங்கம் பொட்டலம் ஸ்கேனர் மேல் சென்றது. கடைகளில் பார்கோடு வைத்து நடந்த முதல் விற்பனை அது. விலை 67 சென்ட். அதுவரை ஒவ்வொரு பொருளின் விலையையும் பார்த்து விசையைத் தட்டிய காசாளரின் கையும் கண்ணும் அன்று முதல் வேறு வேலைக்குப் பழகத் தொடங்கின.

தமிழ்நாட்டில் அந்த மாற்றம் மெதுவாக வந்து, கடைசிப் பத்தாண்டில் வேகமெடுத்தது. யுபிஐ 2016 ஏப்ரலில் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் பணமதிப்பு நீக்கம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி. மூன்றும் அடுத்தடுத்து வந்ததில் சிட்டைப் புத்தகம் வைத்திருந்த கடைகளும் பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாறின. நாடு முழுவதும் யுபிஐ பரிமாற்றங்கள் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடியைத் தாண்டின. இரண்டே ஆண்டில், 2025 ஆகஸ்டில், 2,000 கோடியைத் தாண்டின. பூக்கடையிலும் இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததைச் சின்ன ஒலிப்பெட்டி தமிழிலேயே சொல்கிறது.

இதனால் நிம்மதி அடைந்தவர்களில் முக்கியமானவர் பில் போடும் பெண். இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பது பல கடைகளில் எழுதாத சட்டம். ரொக்கம் குறையக் குறைய அந்தப் பயமும் குறைந்தது. கள்ளநோட்டுக்கும் சில்லறைத் தட்டுப்பாட்டுக்கும் தினமும் போராட வேண்டியதில்லை. தடவிப் பார்த்தே நோட்டை எடைபோடும் விரல்கள் இனி வேண்டாம். மனக்கணக்கும் வேண்டாம்.

அந்த இடத்தில் புதிய திறமைகள் வந்திருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாடிக்கையாளர் கைப்பேசியில் பணம் போய்விட்டதாகக் காட்டுகிறது, கடைக்கு வரவில்லை. வரிசையில் பின்னால் எட்டுப் பேர். முன்னால் நிற்பவருக்கு முகம் சிவக்கிறது. பொருளைக் கொடுத்தனுப்புவதா, காத்திருக்கச் சொல்வதா, மேலாளரைக் கூப்பிடுவதா? அவர் நீட்டுவது உண்மையான ரசீதா, போலிச் செயலி காட்டும் படமா? அரை நிமிடத்தில் அந்தப் பெண் முடிவெடுக்க வேண்டும், குரலை உயர்த்தாமல். இருப்பில் பன்னிரண்டு என்று திரை சொல்கிறது, அலமாரியில் ஒன்பதுதான் இருக்கிறது என்றால் மூன்று எங்கே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். காலாவதித் தேதி நெருங்கும் பால்பவுடரை முன்வரிசைக்கு நகர்த்த வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பில் இவை எதுவும் வருவதில்லை. சம்பளப் பட்டியலிலும் இவற்றுக்குப் பெயர் கிடையாது. பழைய திறமை தேவையில்லை என்று சொல்லிக் கூலியைக் குறைவாக வைக்கிறார்கள். புதிய திறமையைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த அநியாயம்தான் முதலில் பேசப்பட வேண்டியது.

நொடிகளால் அளக்கும் வேலை

பலசரக்கைச் சில நிமிடங்களில் வீட்டுக்குக் கொண்டுவரும் பிளிங்கிட், ஜெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்ற நிறுவனங்களின் கிடங்குகள் இன்று பெருநகரக் குடியிருப்புகளுக்கு நடுவிலேயே இருக்கின்றன. ‘டார்க் ஸ்டோர்’ என்பார்கள். வாடிக்கையாளருக்கு உள்ளே இடமில்லை. ரேக்குகளுக்கு எண், ரேக்குக்குள் தட்டுக்கு எண், தட்டுக்குள் பெட்டிக்கு எண். ஆர்டர் வந்ததும் கையிலுள்ள கருவி, எந்த ரேக், எந்தத் தட்டு என்று சொல்லும். போய், பெட்டியை ஸ்கேன் செய்து, பொருளை ஸ்கேன் செய்து, பையில் போட்டு, அடுத்த எண்ணுக்கு நடக்க வேண்டும். தவறான பொருளை எடுத்தால் கருவி ஏற்காது. எடுத்து முடிக்க எத்தனை நொடி ஆனது என்பது பதிவாகிவிடும்.

இதில் பிழை குறைகிறது, வேகம் கூடுகிறது. புதிதாக வந்தவர் சில நாட்களிலேயே முழு வேலையும் செய்யத் தொடங்கிவிடுகிறார். சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் கற்று முடித்துவிடக்கூடிய வேலையில் ஐந்து வருடம் இருந்தவருக்கு என்ன கூடுதல் மதிப்பு? அவர் போனால் அடுத்த வாரம் இன்னொருவர். எந்தப் பருப்பு வேகும் என்று அறிய வேண்டிய அவசியமே அங்கே இல்லை. தக்காளியைப் பொறுக்குவதில் மட்டும் கண்ணுக்குக் கொஞ்சம் வேலை மிச்சமிருந்தது; அதையும் முன்கூட்டியே எடைபோட்டுப் பையில் அடைத்து வைத்துவிடுகிறார்கள். பொட்டலம் மடித்த பையனுக்கு அடுத்த படியாகத் தராசு இருந்தது. ரேக்கிலிருந்து எடுப்பவருக்கு அடுத்த படி கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை இந்தப் போக்கை எண்களால் காட்டுகிறது. 2020-21-ல் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர் கிக் தொழிலாளர்கள், அதாவது நிலையான வேலை உறவு இல்லாமல் பணிக்குப் பணி கூலி பெறுபவர்கள். 2029-30-ல் அது 2.35 கோடி ஆகலாம் என்பது அதன் கணிப்பு. துறைவாரியாகப் பார்த்தால் அதிகமானோர், சுமார் 26.6 லட்சம் பேர், சில்லறை வணிகம் மற்றும் விற்பனையில். கிக் வேலைகளில் 47 சதவீதம் நடுத்தரத் திறன் சார்ந்தவை, 22 சதவீதம் உயர்திறன், 31 சதவீதம் குறைந்த திறன் என்று கணக்கிட்ட அந்த அறிக்கை, நடுப்பகுதி மெல்லக் குறைந்துவருவதாகவும் மேலும் கீழும் உள்ள பகுதிகள் பெருகுவதாகவும் சொன்னது. மேலே, கிடங்கு மென்பொருள் எழுதுபவர். கீழே, அது சொல்லும் எண்ணுக்கு நடப்பவர். நடுவில் இருந்த சிட்டை எழுதுபவர், சரக்கெடுப்பவர், பிரிவுப் பொறுப்பாளர் ஆகியோரின் இடம்தான் சுருங்குகிறது. வேலைக்கு வந்தவர் தன் முயற்சியால் ஏறக்கூடிய இடமும் அந்த நடுப்பகுதிதான்.

நெகிழ்வு யாருக்கு வசதி?

‘உங்களுக்கு வசதியான நேரத்தில் வேலை’ என்ற வாக்கியம் கவர்ச்சியானது, பலருக்கு உண்மையான தேவையும்கூட. கல்லூரி முடிந்து மாலையில் மாலில் நிற்கும் மாணவிக்கு அது கட்டணப் பணம். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நாலைந்து மணி நேரம் மட்டும் வெளியே வர முடிகிற அம்மாவுக்கு அது ஒன்றே வழி. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் கடைகளில் நடைமுறை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருக்கிறது. வளைந்து கொடுப்பவர் ஊழியர். வசதி அடைவது நிர்வாகம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஆள் எடுப்பார்கள், பொங்கல் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். டிவி, கைப்பேசிக் கடைகளில் நமக்குப் பொருளை விளக்கும் இளைஞர் பல நேரம் அந்தக் கடையின் ஊழியரே அல்ல. ஒரு பிராண்டுக்காக ஆள் சேர்த்துத் தரும் வேறொரு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் ‘புரமோட்டர்’. அந்த பிராண்டின் டிவியைப் பற்றி மட்டும் பயிற்சி வீடியோ பார்த்திருப்பார். ஒப்பந்தம் மாறினால் அடுத்த ஆண்டு வேறு கடை, வேறு பிராண்ட். எந்தக் கடையிலும் வேரூன்றி, எல்லாப் பொருளையும் ஒப்பிட்டு, “உங்க ஹால் அளவுக்கு இது பெரிசுங்க, சின்னதே போதும்” என்று வாடிக்கையாளர் பக்கம் நின்று சொல்லும் நிலைக்கு அவரால் வர முடிவதில்லை.

நேரம் நிலையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய மூன்று பேராசிரியர்களின் தலைமையில், அமெரிக்க ஆடை நிறுவனமான ‘கேப்’, சிகாகோ, சான் ஃபிரான்சிஸ்கோ பகுதிகளிலுள்ள 28 கடைகளில் 2015 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை அதை நடத்தியது. சில கடைகளில் பணி நேரத்தை வாரத்துக்கு வாரம் மாறாதபடி நிலைப்படுத்தினார்கள். பகுதிநேர ஊழியர் சிலருக்கு வாரம் இருபது மணி நேரத்துக்குக் குறையாமல் வேலை உறுதி செய்தார்கள். மேலாளர் தலையிடாமல் ஊழியர்களே கைப்பேசிச் செயலியில் ஷிப்டை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். மற்ற கடைகளோடு ஒப்பிட்டபோது, இந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. உழைப்பின் உற்பத்தித்திறன் 5 சதவீதம் உயர்ந்தது.

இந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் நம் ஊர்க் கடை முதலாளிகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவை. வேலை நேரம் தாறுமாறாவதற்கு வாடிக்கையாளர் வருகையைவிட, சரக்கு வருவது பற்றிய தவறான தகவல், கடைசி நேரத்தில் மாறும் விளம்பரச் சலுகை, மேலதிகாரிகளின் திடீர் வருகை போன்ற தலைமை அலுவலகக் காரணங்களே அதிகம் என்று தெரிந்தது. மற்றொன்று, நேரம் நிலையானபோது அனுபவம் மிக்க விற்பனையாளர்கள் கடையிலேயே தங்கினார்கள். விற்பனை கூடியதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்க வேண்டும். பழகிய ஆளுக்குச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியும், வாடிக்கையாளரின் முகம் தெரியும், பக்கத்தில் நிற்கும் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும். செயலி அங்கேயும் இருந்தது. ஆனால் அது ஊழியரின் கையில் இருந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2017-ல் நிலையான பணி நேரத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பெரிய சில்லறை, விடுதி, உணவு நிறுவனங்கள் பணிப் பட்டியலை முன்கூட்டியே தர வேண்டும். 2020 ஜூலை முதல் அந்த அவகாசம் 14 நாள்.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு வீடியோ

தொழில்நுட்பம் திறமையை விழுங்கத்தான் வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் புடவைகளை யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் விற்பவர்களைப் பார்த்தால் இது புரியும். நெசவும் மொத்த வியாபாரமும் நிறைந்த அந்த ஊரின் கடைக்காரர்கள், கேமரா முன் ஒவ்வொரு புடவையாக விரித்து, முந்தானை, உடல், பிளவுஸ் என்று காட்டி, விலை சொல்லி, எண்ணைத் திரையில் போடுகிறார்கள். அந்தப் படங்களைத் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, சிறு லாபம் வைத்து விற்கும் பெண்கள் தமிழ்நாடு முழுவதும் இருக்கிறார்கள். ‘ரீசெல்லர்’ என்பார்கள். பெங்களூரில் 2015-ல் தொடங்கிய மீஷோ வளர்ந்ததும் இப்படிப்பட்ட பெண்களை வைத்துத்தான்.

முதலீடு இல்லாமல் வீட்டிலிருந்தபடியே செய்யும் இந்த வியாபாரத்தில் கற்க வேண்டியது ஏராளம். கேமராவில் கத்திரிப்பூ நிறம் நீலமாகத் தெரியும். அதை முன்கூட்டியே எழுதாவிட்டால் “கலர் மாறி வந்திருக்கு” என்று பார்சல் திரும்பும். அதனால்தான் ‘ஓப்பனிங் வீடியோ கட்டாயம்’ என்று எல்லாக் குழுவிலும் போட்டிருப்பார்கள்: பார்சலைப் பிரிக்கும்போதே எடுத்த வீடியோ இருந்தால்தான் கிழிசல், கறைக்கு மாற்றுப் புடவை. யாருக்கு முன்பணம் கேட்பது, எந்தத் தெருவில் எந்த ரகம் போகும், லாபம் எவ்வளவு வைத்தால் பக்கத்துக் குழுவுக்குப் போகமாட்டார்கள் என்பதை எல்லாம் அவரே கண்டுபிடிக்கிறார். கொள்முதல் விலை அவர் கண்ணுக்குத் தெரிகிறது. விற்கும் விலையை அவர் வைக்கிறார். பழைய விலை அட்டையின் சங்கேத எழுத்து இங்கே வேறு வடிவில் உயிரோடிருக்கிறது. நஷ்டம் வந்தால் தாங்க யாருமில்லை, பிஎஃப் இல்லை, விடுப்பு இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் முடிவெடுக்கும் உரிமை கையில் இருப்பதால் திறமை வளர்கிறது.

பெரிய ஜவுளிக்கடைகளும் 2020 ஊரடங்குக்குப் பிறகு வீடியோ கால் விற்பனையைத் தனிப் பிரிவாகவே நடத்துகின்றன. அதில் நிற்பவர் புடவையைத் தன் தோளில் போட்டுக் காட்டி, தொட்டுப் பார்க்க முடியாதவருக்குத் துணியின் கனத்தைச் சொற்களால் உணர்த்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து அழைப்பவருக்காக இரவிலும் வேலை. பழைய கவுண்டர் அனுபவம் இருப்பவர்தான் இதில் சோபிக்கிறார். கருவி அவர் திறமையைக் கடல் தாண்டிக் கொண்டுசெல்கிறது.

சான்றிதழ் உள்ள திறமைக்குக் கிடைக்கும் பாதுகாப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். மருந்துக் கடையிலும் கணினி வந்துவிட்டது. மாற்று மருந்து எது, எந்த பேட்ச் காலாவதியாகிறது என்று அது சொல்கிறது. ஆனால் பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத ஒருவர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து தரக் கூடாது என்று 1948-ம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மீறும் கடைகள் இருக்கலாம். சட்டம் இருப்பதால்தான் கேள்வி கேட்க முடிகிறது. பட்டு ரகத்தை அடையாளம் காணும் ஜவுளி விற்பனையாளருக்கோ சரக்கு அறிந்த மளிகை ஊழியருக்கோ அப்படிப்பட்ட எந்தத் தாளும் இல்லை.

ஆளில்லாக் கடையின் பாடம்

ஆளே இல்லாமல் கடை நடத்தும் கனவும் முயன்று பார்க்கப்பட்டுவிட்டது. அமேசான் 2018 ஜனவரியில் சியாட்டிலில் திறந்த ‘அமேசான் கோ’ கடையில் பொருளை எடுத்துக்கொண்டு அப்படியே வெளியே போக முடிந்தது. கேமராக்களும் உணரிகளும் கணக்குப் போட்டுக்கொண்டன. 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இந்த ஏற்பாட்டை எடுத்துவிட முடிவு செய்தது. விற்பனைக் காட்சிகளைப் பார்த்துச் சரிபார்க்கும் பணியில் இந்தியாவில் ஏராளமானோர் இருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. எல்லாப் பரிமாற்றத்தையும் மனிதர்கள் நேரலையில் பார்த்ததாகச் சொல்வது சரியல்ல என்று அமேசான் மறுத்தது; கருவிக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருந்ததை மறுக்கவில்லை. காசாளர் இல்லாத கடை என்றாலும் வேலை முழுதாக மறையவில்லை. வேறொரு கண்டத்தில், வாடிக்கையாளரின் முகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்துக்கு அதில் ஒரு பங்கு போயிற்று.

வட இங்கிலாந்தின் பூத்ஸ் சூப்பர் மார்க்கெட் 2023 நவம்பரில் தன் 28 கடைகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் சுய பில்லிங் இயந்திரங்களை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆட்கள் பரிமாறும் சேவையே வாடிக்கையாளர் விருப்பம் என்பது அதன் கணக்கு.

பேச்சுக்கு அப்பால்

தமிழ்நாட்டில் செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. செயலி வழித் தொழிலாளர்களுக்கு நல வாரியம் அமைக்கப்போவதாக முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 சுதந்திர தின உரையில் அறிவித்தார்; அந்த ஆண்டு இறுதியிலேயே வாரியம் அமைந்தது. 2025-ல் சென்னை அண்ணாநகரில் மாநகராட்சி அவர்களுக்குக் குளிரூட்டிய ஓய்வறை கட்டிக்கொடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தொழிலாளருக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதம் என்பது அதன் உச்சவரம்பு. விபத்துக்கும் முதுமைக்கும் உதவும் இந்த நிதியில் ஒரு பங்கு பயிற்சிக்கும் போக வேண்டும். பொருள் பொறுக்கிய பையன் சரக்கிருப்புக் கணக்கையோ கிடங்கு மேலாண்மையையோ கற்க, சம்பளத்தோடு வாரம் சில மணி நேரம் கிடைத்தால் இடிந்த படிக்கட்டில் ஒரு படியாவது திரும்ப வரும்.

சில்லறை விற்பனைக்கான திறன் தரங்களை வகுக்கத் தேசிய அளவில் தனித் திறன் மன்றமே இருக்கிறது. அந்தச் சான்றிதழ்கள் வேலைக்குப் புதிதாக வருபவரைக் குறிவைக்காமல், ஏற்கெனவே பத்து இருபது வருடம் கவுண்டரில் நின்றவரின் அறிவைச் சோதித்து அங்கீகரிக்க வேண்டும். ஜரிகை பார்ப்பதும் ஆளைப் படிப்பதும் அதில் பாடமாக வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் கடை மாறும்போது புதுமுகச் சம்பளத்தில் மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

பணி நேரத்துக்கு வழி இன்னும் சுலபம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணையிட்டு, 2022-ல் நீட்டித்தது. அந்த ஆணை ஒருவரை ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணிதான். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்ய அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். ஊழியர்களின் விவரத்தையும் அன்றன்று யார் விடுப்பு என்பதையும் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருக்கிறது. அதே பலகையில் அடுத்த இரண்டு வாரத்துக்கான ஷிப்ட் பட்டியலையும் ஒட்ட வேண்டும், ஊழியரின் சம்மதமின்றி அதை மாற்றினால் கூடுதல் ஊதியம் தர வேண்டும் என்று ஆணையில் சேர்க்கலாம். தொழிலாளர் துறை ஆய்வாளர் சோதனைக்கு வரும்போது விடுப்பு விவரத்தோடு அதையும் பார்த்துக் கையெழுத்திடலாம்.